நீல முட்டையின் விலை

கோழி முட்டையின் நிறம் என்ன என்று வகுப்பறையில் கேட்டால், வெள்ளை என்று சிலர் சொல்வர். பழுப்பு என்று பலர் சொல்வர். நீலம் என்று சொல்லும் மாணவனைப் பார்த்து மற்றவர் நகைப்பர். ஆயினும் அவன் சொன்னதும் உண்மையே. வெளிர்நீல வானத்தின் நிறத்தை ஓட்டில் ஏற்றி முட்டையிடும் கோழிகள் உலகில் உண்டு. ஒலிவக்காயின் பசுமை கொண்ட முட்டைகளும், வறுத்த காப்பிக்கொட்டையை நினைவூட்டும் கரும்பழுப்பு முட்டைகளும் உண்டு. இவற்றுள் சில இயற்கையில் தற்செயலாகத் தோன்றியவை. வேறு சில, மனிதன் சேவலையும் பேடையையும் தேர்ந்து இணைத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்து பெற்றவை.

ஒரே கூடையில் பல நிற முட்டைகளைக் கண்டு மகிழ்வதற்காகவே கோழிகளை இனக்கலப்புச் செய்வோர் இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் இருக்கின்றனர். ஓட்டின் நிறம் மாறுவதால் முட்டையின் சுவை மாறுவதில்லை, சத்தும் மாறுவதில்லை. ஓடு குப்பைக்குப் போனபின் நீல முட்டையும் வெள்ளை முட்டையும் ஒன்றே. அங்ஙனமாயின் இம்முயற்சி எதற்காக? கண்ணின் இன்பத்துக்காக, அவ்வளவே. இங்கேதான் ஒரு வினா எழுகிறது. நம் கண்ணின் இன்பத்துக்காக மற்றோர் உயிரின் பிறப்பை வகுத்தமைக்கும் உரிமை நமக்கு உண்டா?

இவ்வினாவைச் சிறியதென்று ஒதுக்கிவிடுவது எளிது. போரும் பசியும் நிறைந்த உலகில் முட்டை ஓட்டைப் பற்றி ஆராய்வதா என்று கேட்கலாம். ஆனால் பெரிய செயல்களில் தேவை, அச்சம், இலாபம் என்று பல நோக்கங்கள் பின்னிக் கிடப்பதால், அறத்தின் வடிவம் அங்கே மங்கித் தெரிகிறது. இங்கோ நோக்கம் ஒன்றே ஒன்று, அது விருப்பம். மனிதனின் விருப்பத்துக்கு எல்லை எது என்பதை அறிய இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நிறம் பிறக்கும் விதம்

அறத்தை ஆராயுமுன் பொருளை அறிதல் வேண்டும். முட்டை ஓட்டின் நிறங்கள் பலவாகத் தோன்றினும், அவற்றுக்கு அடிப்படை இரண்டு நிறமிகளே. பிலிவெர்டின் என்பது நீலத்தைத் தருவது. புரோட்டோபோர்பிரின் என்பது பழுப்பைத் தருவது. கோழியின் உடலுக்குள் ஒரு முட்டை உருவாவதற்கு ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் அளவு ஓடு கட்டுவதற்கே செலவாகிறது. நீல நிறமி ஓட்டோடு ஓடாகக் கலந்து, உட்புறம்வரை ஊறி நிற்கும். பழுப்பு நிறமியோ இறுதி மணி நேரங்களில் மேற்பூச்சாகவே படிகிறது. கடையில் வாங்கிய பழுப்பு முட்டையை உடைத்து, ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தால் அது வெண்மையாக இருப்பதை மாணவர் தாமே காணலாம்.

பச்சை முட்டையின் புதிரும் இதனால் அவிழ்கிறது. நீல ஓட்டின்மேல் பழுப்புப் பூச்சு படிந்தால் பச்சை தோன்றும். பிரான்சு நாட்டின் மரான் என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய கோழியினம் கரும்பழுப்பு முட்டைக்குப் பேர்போனது. அந்த இனத்தை நீல முட்டையிடும் இனத்தோடு இணைத்தால், பிறக்கும் பெட்டைகள் ஒலிவப் பச்சை முட்டையிடும்.

நீல நிறம் தலைமுறைவழி இறங்கும் விதத்தை 1933-ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதியவர் ஆங்கிலேய அறிஞர் ரெஜினால்ட் பன்னெட். உயிரியல் பாடத்தில் மரபுக் கணக்குகளுக்காக மாணவர் வரையும் கட்டம் அவர் பெயராலேயே பன்னெட் கட்டம் என்று வழங்குகிறது. நீலத்துக்குக் காரணம் ஒரே மரபணு. அது ஓங்கு தன்மை உடையது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒன்று கிடைத்தாலும் போதும், மகள் நீல முட்டையிடுவாள் என்பது அவர் கண்ட உண்மை. இதில் ஒரு வியப்பும் உண்டு. சேவல் முட்டையிடுவதில்லை, ஆயினும் நிறத்தின் பாதி அதனிடம் மறைந்திருக்கிறது. சேவலிடம் உள்ளதை அதன் மகள்கள் முட்டையிடத் தொடங்கிய பிறகே அறிய முடிந்தது. ஆகவே இக்கலையில் ஈடுபட்டவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை.

அந்த நீல மரபணு எவ்வாறு தோன்றியது என்பதை 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் விளக்கின. முற்காலத்தில் கோழியின் மரபுத்தொடரில் புகுந்து தங்கிய ஒரு வைரசின் துண்டே அதற்குக் காரணம். கல்லீரலில் வேலைசெய்யும் ஒரு மரபணுவுக்கு அருகில் அத்துண்டு போய் அமர்ந்ததால், அம்மரபணு ஓடு கட்டும் இடத்திலும் விழித்துக்கொண்டது. ஓட்டில் நீலம் ஏறியது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கோழியிலும், சீனாவின் தோங்சியாங், லூஷி இனக் கோழிகளிலும் இந்நிகழ்ச்சி தனித்தனியே நடந்திருக்கிறது.

இந்த உண்மை நம் வினாவுக்கு முதல் வெளிச்சம் தருகிறது. கலப்பு என்பதே இயற்கைக்கு மாறானது, ஆகவே தீயது என்று சிலர் வாதிடுவர். ஆனால் இங்கே நீலத்தைப் படைத்தது மனிதன் அல்லன், வைரசின் தற்செயல். மனிதன் அதைக் கண்டான், காத்தான், பெருக்கினான். மேலும், வீட்டுக்கோழி என்பதே மனிதன் வளர்த்தெடுத்த உயிர். அதன் மூதாதையான செங்காட்டுக்கோழி இன்றும் மலேசியக் காடுகளில் கூவிக்கொண்டிருக்கிறது. அந்தக் காட்டுப்பறவைக்கும் நம் கம்பத்துக் கோழிக்கும் இடையே உள்ள வேறுபாடு பல்லாயிரம் ஆண்டுகளின் மனித விருப்பமே. எனவே, இயற்கையா செயற்கையா என்னும் கேள்வியால் அறத்தை அளக்க முடியாது. வேறோர் அளவுகோல் வேண்டும். அது எது என்பதைச் சிலி நாட்டுக் கோழியே நமக்குக் கற்பிக்கிறது.

ஒரே பறவையின் இரண்டு அணிகள்

சிலி நாட்டில் மப்புச்சே என்னும் தொல்குடி மக்கள் வாழ்கின்றனர். ஸ்பானியர் அவர்களை அரவுக்கானோ என்று அழைத்தனர். அப்பெயரால் அந்நாட்டுக் கோழியும் அரவுக்கானா எனப்பட்டது. சால்வடோர் காஸ்டெல்லோ என்னும் ஸ்பானியக் கோழியியல் அறிஞர் 1914-ஆம் ஆண்டில் சிலிக்குச் சென்றபோது அக்கோழிகளைக் கண்டு வியந்தார். 1921-ஆம் ஆண்டில் ஹேக் நகரில் நடந்த முதலாவது உலகக் கோழியியல் மாநாட்டில் அவற்றைப் பற்றி எடுத்துரைத்தார். வால் இல்லை, காதோரத்தில் இறகுக் கொத்து, முட்டையோ நீலம். உலகம் வியந்து நோக்கியது. பின்னர், அவை இயற்கையாய் அமைந்த ஒரே இனம் அல்ல, வாலில்லாத ஒருவகைக் கோழியையும் காதுக் கொத்துடைய மற்றொரு வகையையும் இணைத்து உருவாக்கப்பட்டவை என்பது தெளிவாயிற்று.

இப்பறவைக்கு இரண்டு அணிகள் உண்டு என்று கொள்வோம். ஒன்று நீல முட்டை; மற்றொன்று காதுக் கொத்து. இரண்டும் அழகுக்காகவே போற்றப்பட்டவை. இரண்டும் ஓங்கு மரபணுவால் வருபவை. பார்வைக்கு இரண்டும் ஒரே தரத்தவை. ஆனால் அவற்றின் உள்ளே கிடக்கும் கணக்கு வேறு.

நீல மரபணு ஒன்று இருந்தாலும் இரண்டு இருந்தாலும் கோழி நலமாக வாழ்கிறது; குஞ்சும் நலமாகப் பொரிகிறது. காதுக் கொத்தின் மரபணு அத்தகையதன்று. ஒன்று இருந்தால் கொத்து முளைக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு சேர்ந்துவிட்டால், குஞ்சு முட்டைக்குள்ளேயே மடிந்துவிடும். கொத்துள்ள சேவலையும் கொத்துள்ள பேடையையும் இணைத்தால், பன்னெட் கட்டம் சொல்லும் கணக்கின்படி நான்கு கருக்களில் ஒன்றுக்கு இந்த முடிவு நேரும். கோழிக்குஞ்சு பொரிவதற்கு 21 நாள். இவை மடிவதோ பெரும்பாலும் 17 முதல் 19-ஆம் நாளுக்குள். அப்போது முட்டைக்குள் இருப்பது வெறும் மஞ்சள் கரு அன்று. அலகும் நகமும் மென்தூவியும் முளைத்து, வெளிவரக் காத்திருக்கும் குஞ்சு அது. அடைகாத்த தாய் அதை அறியாமல் நாளெல்லாம் சூடு தந்துகொண்டிருக்கிறாள்.

கொத்துள்ள கோழியைக் கொத்தில்லாத கோழியோடு இணைத்தால் இரண்டு மரபணுக்கள் ஒன்று சேர வழியில்லை. அறிந்த வளர்ப்போர் பலர் அவ்வாறே செய்கின்றனர். எனினும், ஒரே மரபணுவைப் பெற்ற குஞ்சுகளிலும் ஒரு பகுதி பொரியாமலே போகிறது. இந்த அணியை முற்றிலும் இழப்பின்றிப் பெறும் வழி இல்லை.

இங்கே நாம் தேடிய அளவுகோல் கிடைத்துவிட்டது. அழகை விரும்பியவன் மனிதன். அந்த விருப்பத்துக்கு விலை உண்டா? உண்டெனில் அதைக் கொடுப்பவர் யார்? நீல முட்டைக்கு விலை, வளர்ப்பவனின் பொறுமையும் உழைப்பும். விரும்பியவனே அதைக் கொடுக்கிறான். காதுக் கொத்துக்கு விலை, பிறவாது மடியும் குஞ்சு. அது எதையும் விரும்பவில்லை, எதையும் பெறவுமில்லை. ஒருவன் ஆசைப்பட, மற்றோர் உயிர் கடனடைக்கிறது. அழகை விரும்புவது பிழையன்று. அதன் விலையைப் பேச முடியாத உயிரின் தலையில் சுமத்துவதே பிழை.

பயன் என்னும் போர்வை

உணவுக்காகக் கோழி வளர்ப்பது தகும், அழகுக்காக வளர்ப்பது தகாது என்று ஒரு கருத்து உண்டு. பயனுள்ளது எதுவும் நியாயம், பயனற்றது எதுவும் வீண் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. இக்கருத்தையும் அதே அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

காட்டுக்கோழி குஞ்சு பொரிப்பதற்காக ஆண்டில் சிறிதளவே முட்டையிடுகிறது. வணிகத்துக்கென உருவாக்கப்பட்ட கோழியோ ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டை இடுகிறது. ஒவ்வோர் ஓட்டுக்கும் சுண்ணச்சத்து வேண்டும். தீவனத்தில் கிடைப்பது போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக் கொடுக்கிறது. அதனால் எலும்பு நலிந்து, மார்பெலும்பு முறிந்த நிலையில் வாழும் கோழிகள் பல என்பதை விலங்கு மருத்துவர் அறிவர். அந்த முட்டை வெள்ளையாகவோ பழுப்பாகவோ எளிய தோற்றத்தோடு நம் சமையலறைக்கு வருகிறது. அதன் விலையில் ஒரு பகுதியை நாம் காசாகக் கொடுத்தோம். மறு பகுதியைக் கோழி எலும்பாகக் கொடுத்தது.

வீட்டுப் புறத்தில் ஒருவர் ஆசைக்காக வளர்க்கும் கலப்பினக் கோழி, குறைவாகவே முட்டையிட்டு, மண்ணைக் கிளறி, நிழலில் புழுதி குளித்து வாழ்கிறது. இவ்விரண்டில் எது கொடுமை? பயனுக்காகச் செய்தது அறமாகிவிடும் என்பதும் இல்லை. அழகுக்காகச் செய்தது ஆடம்பரமாகிவிடும் என்பதும் இல்லை. நோக்கத்தின் பெயர் எதுவாயினும், விலையைச் சுமப்பவர் யார் என்பதே கேள்வி. பயன் என்பது பல வேளைகளில் அக்கேள்வியை மறைக்கும் போர்வையாகிவிடுகிறது.

இரண்டு மறுப்புகள்

இதற்கு மறுப்பாக இரண்டு வாதங்கள் எழக்கூடும். முதலாவது: இயற்கையில் எத்தனையோ குஞ்சுகள் மடிகின்றன, பருந்தும் பாம்பும் நோயும் கொல்லாத கொலையா இது? உண்மைதான். ஆனால் இயற்கைக்கு அறிவுமில்லை, தேர்வுமில்லை. கட்டம் வரைந்து, நான்கில் ஒன்று மடியும் என்று முன்கூட்டியே அறிந்தவன் மனிதன். அறியாமல் நேர்வது விபத்து. அறிந்தும் வேண்டிச் செய்வது செயல். அறிவு வளரும்போது பொறுப்பும் வளர்கிறது. மரபியல் அறியாத அந்நாளைய வளர்ப்போர், கூமுட்டை என்று ஒதுக்கிவைத்ததை இன்று நாம் அவ்வாறு ஒதுக்க முடியாது.

இரண்டாவது வாதம் நுட்பமானது. மனிதன் இணைத்திராவிட்டால் இக்குஞ்சுகளுக்குப் பிறப்பே இல்லை. மடிந்தது ஒன்று, வாழ்ந்தவை மூன்று. இது மூன்று உயிர்களுக்குச் செய்த நன்மையன்றோ? இவ்வாதம் கேட்பதற்கு இனிது. ஆயினும் பிறப்பைக் கொடுத்ததனாலேயே பிறப்பித்தவன் எதையும் செய்யலாம் என்று ஆகிவிடாது. பெற்றதனாலேயே பெற்றோர்க்குப் பிள்ளையை வருத்தும் உரிமை கிடைப்பதில்லை. பெற்றதனாலேயே காக்கும் கடமை வருகிறது. ஓர் உயிரை இவ்வுலகுக்கு அழைத்தவனே அதன் முதற் பொறுப்பாளி.

சேவலின் கேள்வி

காதுக் கொத்தை விட்டொழித்தால் கணக்கு தீர்ந்துவிடுமா? தீராது. நிற முட்டைக்காக அடைவைக்கும் முட்டைகளில் ஏறத்தாழப் பாதி சேவலாகப் பொரியும். சேவல் முட்டையிடாது. ஒரு கூட்டத்துக்கு ஒன்றிரண்டு சேவல் போதும். எஞ்சியவை என்ன ஆகும்?

இக்கேள்வியின் வரலாறும் பன்னெட்டோடு பின்னியது. முதல் உலகப்போர்க் காலத்தில் தீவனம் அரிதாயிற்று. அப்போது, பிறந்த நாளிலேயே தூவியின் நிறத்தால் சேவற்குஞ்சைப் பிரித்தறியும் வழியை அவர் எடுத்துக் காட்டினார். பின்னர் அவரும் மைக்கேல் பீஸ் என்பவரும் கேம்பிரிட்ஜ் நகரில் இப்பண்பு நிலைத்துநிற்கும் இனங்களை உருவாக்கினர். சிலி நாட்டுக் கோழியின் வழிவந்த நீல மரபணுவும் அம்முயற்சியில் சேர்ந்தது. 1958-ஆம் ஆண்டில் இலக்கணம் வகுக்கப்பட்ட கிரீம் லெக்பார் என்னும் இனம் அதன் விளைவு. அதன் பேடை நீல முட்டையிடும். அதன் குஞ்சு ஆணா பெண்ணா என்பது பிறந்த அன்றே தெரிந்துவிடும். அறிவின் அரிய வெற்றி இது. ஆனால் பிரித்தறிவது எதற்காக? பெண்ணை வைத்துக்கொள்வதற்கும் ஆணை ஒழிப்பதற்குமே என்றால், அந்த அறிவு குஞ்சுக்கு என்ன நன்மை செய்தது?

வணிகப் பண்ணைகளில் ஒருநாள் வயதுச் சேவற்குஞ்சுகளைக் கொல்வது நெடுநாள் வழக்கமாக இருந்துவந்தது. ஜெர்மனி 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அதைச் சட்டத்தால் தடைசெய்தது. குஞ்சு பொரிவதற்கு முன்பே முட்டைக்குள் ஆண் பெண் அறியும் கருவிகளும் வந்திருக்கின்றன. பண்ணைக்குச் சட்டம் வரலாம். வீட்டுப் புறத்தில் பத்து முட்டை அடைவைப்பவனுக்குச் சட்டம் அவன் மனமே. அடைவைக்கும் முன்பே, பொரியும் சேவல்களுக்கு இடமும் இரையும் உண்டா என்று அவன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொல்லாமையை நோன்பாகக் கொண்டவன் அவற்றை இறுதிவரை வளர்ப்பான். புலால் உண்பவன் அவற்றை உணவாக்கலாம். அவனும்கூட அவை வளர்ந்து, கூவி, வெயில் காயும் காலத்தையாவது அவற்றுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன். இரண்டும் இயலாதவன் அடைவைக்காதிருப்பதே முறை.

வாங்குபவனும் இப்பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், கொல்பவனோடு நில்லாமல், விலைகொடுத்து வாங்குபவனையும் வினையின் பங்காளியாக்குகிறது. அழகிய முட்டைக்கூடையை விரும்பிக் கேட்பவன், அதன் பின்னே உள்ள சேவல்களைப் பற்றியும் கேட்கக் கடமைப்பட்டவன்.

அழகைக் கைவிட வேண்டுவதில்லை

இவ்வளவும் சொன்னபின், இக்கலையையே விலக்கிவிடலாமே என்று தோன்றலாம். அது தேவையில்லை என்பதற்கும் இக்கோழியின் வரலாறே சான்று. அரவுக்கானாவை அமெரிக்கக் கோழியியல் சங்கம் 1976-ஆம் ஆண்டில் தனி இனமாக ஏற்றது. காதுக் கொத்து அதற்குரிய இலக்கணமாயிற்று. அதே காலத்தில் அந்நாட்டு வளர்ப்போர் வேறு சிலர் மாற்றுவழி தேடினர். நீல முட்டையை வைத்துக்கொண்டனர். காதுக் கொத்தை விட்டனர். வாலைத் திரும்பக் கொண்டுவந்தனர். கொத்துக்குப் பதிலாகக் கன்னத்தில் அடர்ந்த தாடி இறகு அமைந்தது. அது குஞ்சைக் கொல்வதில்லை. அமெரவுக்கானா என்னும் அவ்வினத்தை 1984-ஆம் ஆண்டில் அதே சங்கம் ஏற்றது.

அவர்கள் அழகின் பகைவர் அல்லர். அழகை மிக விரும்பியவர்களே. ஆனால் இரண்டு அணிகளையும் எதிரே வைத்து, எது உயிரை விலையாகக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்த்தார்கள். கேட்பதை விட்டார்கள். கேட்காததை வைத்துக்கொண்டார்கள். இழந்தது காதோரத்தின் சில இறகுகள் மட்டுமே.

நம் வாழ்வில் நாம் விரும்பும் அழகுகள் பல. ஆடையிலும் அணியிலும் வீட்டிலும் விழாவிலும் அவை நிறைந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் விலையை நாமே கொடுக்கிறோம். சிலவற்றின் விலையை நமக்குத் தெரியாத ஒருவரோ, பேசத் தெரியாத ஓர் உயிரோ கொடுக்கிறது. எது எவ்வகை என்று கேட்டு அறிவதற்குப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும். ஆசிரியர் மாணவருக்குக் கற்பிக்கத்தக்க பழக்கம் இது. நீல முட்டையைக் கையில் வாங்கி வியக்கும் மாணவன், அடுத்த கணமே, இதற்காக எதுவும் மடிந்ததா ஐயா என்று கேட்பானாயின், அவன் மரபியலையும் அறிந்தவன், அறத்தையும் அறிந்தவன்.